விசிறி இல்லாத கணினியும் சந்தனம் பூசிய பூட்டும்

எங்கள் வீட்டு முன்னறையில், மேசைக்கு அடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருப்புப் பெட்டி நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு பெருமூச்சு விடும், பிறகு ஒரு செருமல், அப்புறம் சேவூர் ரோட்டில் அரிசி மில் ஓடத் தொடங்கிய மாதிரி ஒரே சீரான இரைச்சல். உள்ளே இருக்கிற சிப் சூடாகிறது. அதை ஆற்ற ஒரு விசிறி சுற்றுகிறது. விசிறியில் தூசி அடைய அடைய அது இன்னும் கத்துகிறது. என் இலக்கிய வாழ்க்கையைக் கெடுத்தது அந்த விசிறிதான் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணினி என் மனைவியுடையது. அவள் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பரப்பு விரியும். அவள் நிரப்பும் கட்டத்துக்குரிய இழை தறியில் மேலே எழும்; விடும் கட்டத்துக்குரியது கீழேயே நிற்கும். மாங்காய், மயில், கோபுரம், எதுவானாலும் நிரப்பியும் விட்டும் வருவதுதான். அதே அறையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நான் உரைநடைக் கவிதை எழுதுகிறேன். காலையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கிறேன் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் கவிஞன் என்றுதான் சொல்வதாக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வரி வரும். மூன்றாவது வரி வாசல்வரை வந்து நிற்கும். விசிறி ஒரு முறை உறுமும். வரி போய்விடும். அந்த மூன்றாவது வரிகளெல்லாம் எவ்வளவு அருமையானவை என்று எனக்குத்தான் தெரியும். வராமல் போனதால் அவற்றில் ஒரு பிழைகூட இல்லை.

"கொஞ்சம் அத நிறுத்தறியா? ஒரு வரி வந்துகினு கீது," என்பேன்.

"எனக்கு முந்தான வந்துகினு கீது. காதுல பஞ்சு வெச்சிக்கோங்க," என்பாள், திரும்பாமலே.

இந்த நிலையில்தான் போன் சிப் பற்றி அறிந்தேன். அறிந்தேன் என்பது பெரிய வார்த்தை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டே போனபோது கண்ணில் பட்டது. போனில் இருக்கிற வகைச் சிப்பையே வைத்து இப்போது முழுக் கணினி செய்கிறார்களாம். மேசைக் கணினியின் சிப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த பழைய கட்டளைகளையெல்லாம் மூட்டையாகச் சுமக்கிறதாம். அதன் ஒரு கட்டளையே ஒரு நீண்ட வாக்கியமாம். போன் சிப்புக்கு எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். சட்டென்று புரியும், சட்டென்று முடியும், கொஞ்சமாகத்தான் மின்சாரம் தின்னும். அதனால் பெரிதாகச் சூடாவதில்லை. அதனால் சிலவற்றில் விசிறியே இல்லை.

விசிறியே இல்லை. அந்த இடத்தில் டீ ஆறிப்போயிற்று. வாக்கியத்தை நான் மூன்று முறை படித்தேன். என் வரிகளில் எதையும் யாரும் அப்படிப் படித்ததில்லை.

டீக்கடையில் எனக்கு எதிரே உட்காருகிறவன் பள்ளிக்கூட நண்பன். இப்போது எங்கள் தெருமுனையில் விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறான். அவனிடம்தான் முதலில் பிரகடனம் செய்தேன். மேசைக் கணினியின் காலம் முடிந்தது, இனி உலகம் போன் சிப்பில்தான் ஓடும் என்றேன்.

"இன்னா கவிஞரே," என்றான். "மொபெட்ல நெல்லு மூட்ட ஏத்திகினு போளூர் சந்தைக்குப் போவேன்றியா? டிராக்டர் டிராக்டர்தான்பா."

"மொபெட் இல்லய்யா. அது இப்ப வேற. வேகமும் கீது, சத்தமும் இல்ல."

"சத்தம் இல்லாததுதான் எனக்கு பேஜாரு. என் கொட்டாயில தறி கத்தினாதான் ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னா எவனோ தூங்கறான்னு அர்த்தம்."

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தீர்க்கதரிசிகளை அவர்கள் ஊர் மதிப்பதில்லை; ஆரணி இதில் விதிவிலக்காக இருக்கும் என்று ஏன் எதிர்பார்த்தேனோ.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். விரிவாகச் சொன்னேன். பழைய சிப் என்பது கல்யாண மண்டபத்துச் சமையல். ஒருவருக்கு ஒரு காபி வேண்டுமென்றாலும் கோட்டை அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். புதுச் சிப்பில் சின்ன அடுப்பு தனி, பெரிய அடுப்பு தனி. எது வேண்டுமோ அது மட்டும் எரியும். வெப்பம் என்பது வீணான உழைப்பின் வியர்வை. மௌனம் என்பது சரியான உழைப்பின் வாசனை. இப்படிப் போனது. கையெல்லாம் ஆட்டினேன்.

அவள் கேட்டுமுடித்துவிட்டு, "அதுல என் சாப்ட்வேர் ஓடுமா?" என்றாள்.

"நீ என்ன கேக்கறன்னா," என்று ஆரம்பித்தேன். பழைய சிப்புக்காக எழுதிய மென்பொருளை அப்படியே புதுச் சிப் புரிந்துகொள்ளாது. ஆனால் நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறான். நவாப் தர்பாரில் இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் மாற்றிச் சொல்வானே, அதே மாதிரி, கட்டளை வரவர மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான் என்றேன்.

"ஓடுமான்னுதானே கேட்டேன்."

"ஓடும்."

"நீங்கதாங்க அந்தப் பழைய சிப்பு," என்றாள். "ஓடும்னு ஒரு வார்த்த சொல்ல எத்தன சூடு, எத்தன விசிறி."

இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே நல்ல உவமை அவளுடையது.

அந்த வாரத்தில்தான் பின் தெருவிலிருந்து அந்தப் பெண் வந்தாள். எனக்குத் தங்கை முறை என்று அவளே வைத்துக்கொண்டு என்னை அண்ணா என்பாள், என் மனைவியை அண்ணி என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்தவள். இப்போது சொந்தமாக ஒரு கைத்தறி போட்டுவிட்டாள். கைத்தறிதான், ஆனால் புதுமாதிரி. வழக்கமாக டிசைனை ஓட்டை போட்ட அட்டைகளாக்கி, மாலை மாதிரி கோத்து, தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். இவள் தறிக்கு மேலே அட்டைக்குப் பதில் ஒரு மின்பெட்டி. டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால், எந்த இழையைத் தூக்குவது என்று பெட்டியே பார்த்துக்கொள்ளும். காலால் மிதிப்பதும் கையால் குறுக்கிழை நாடாவை விடுவதும் அவள்.

"அண்ணி, பட்டு முதலாளி பாவு குடுத்துட்டாரு, தறில ஏத்தியாச்சு," என்றாள். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற இழைகள், அது முதலாளியுடையது. "விஜயதசமி காலைல மொதல் எழ போட்டுடணும். ஒம்போதுக்கு ராகு காலம். அதுக்குள்ள டிசைன் பொட்டில ஏறிடணும். முதலாளியும் அன்னிக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிக்கீறாரு. தறி சும்மா நின்னுகினு இருந்துச்சுன்னா, பொம்பள ஒண்டியா தறி போட்டா இப்டித்தான்னு பாவ அவுத்துகினு போயிடுவாரு."

"ஒன்பதுக்குள்ள உன் கைல இருக்கும்," என்றாள் என் மனைவி.

"இத்தினி வருஷம் யார் தறியோ, எவங்க டிசைனோ. இது என்து, அண்ணி."

அவள் போன பிறகு என் மனைவி வெகுநேரம் பழைய மாங்காய்களையெல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் பிடிக்கவில்லை. அந்தத் தறிக்கென்றே புது மாங்காய் ஒன்றைப் போடத் தொடங்கினாள்: வயிறு ஒட்டி, மூக்கு கொஞ்சம் நிமிர்ந்து, யாருக்கும் பணியாத மாதிரி. விசிறி உறுமியது. நான் வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

புதுக் கணினி வந்துவிட்டது. மடித்தால் ஒரு பூஜை மணைப் பலகை அளவு. திறந்தால் சத்தமில்லை. காதை அதன்மேல் வைத்துக் கேட்டேன். என் காதின் சத்தம்தான் கேட்டது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், மனைவி அடுக்களையில் இருந்தபோது, அவளுடைய மென்பொருளை அதில் ஏற்றினேன். துபாஷி கொஞ்சம் தொண்டையைச் செருமினான் போல, பிறகு திறந்தது. அவளுடைய டிசைனைத் திறந்தேன். நிமிர்ந்த மூக்கு மாங்காய்கள் வரிசையாக, பெரிய பெட்டியில் பார்த்ததைவிடப் பளிச்சென்று வந்து நின்றன.

புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மதிப்புரை எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. மடிக்கணினியைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

"ஓடுது பார்!"

அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "வரையறதும் வருதா? சேவ் ஆவுதா?"

"எல்லாம் வருது," என்றேன். வருவதற்கு என்ன? இவ்வளவு அழகாகத் திறக்கிற ஒன்று சேமிக்காமலா போகும்?

இங்கே ஒரு பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மென்பொருளை யாரும் திருட்டுத்தனமாக ஓட்டிவிடக் கூடாதென்று, விற்ற கம்பெனி கூடவே ஒரு பூட்டும் கொடுத்திருந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. பென் டிரைவ் மாதிரியே செருகுகிறது. செருகினால் தலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது இருந்தால்தான் வரைந்ததைச் சேமிக்க முடியும். இல்லையென்றால் திறந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அது எப்போதும் கருப்புப் பெட்டியின் முதுகிலேயே இருந்ததால், நான் அதை அந்தப் பெட்டியின் ஒரு மச்சம் என்றே நினைத்திருந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறிகளெல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிற்கும். அன்று எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும். என் மனைவிக்கு இதில் தனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு முன்னால் கையிலிருக்கும் டிசைனை முடிக்க மாட்டாள். ஒரு சின்ன உருவத்தை வேண்டுமென்றே வரையாமல் விட்டுவைப்பாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து அதை முடிப்பாள். முடிந்துபோன வேலையோடு சாமி கும்பிட்டால் மறுநாள் தொடங்க என்ன இருக்கும் என்பது அவள் கேள்வி. அந்த வருஷமும் கரையின் கடைசி மாங்காய் ஒன்றை விட்டிருந்தாள். வெறும் கட்டங்களாக ஓர் ஓட்டை, பால்பல் விழுந்த இடம் மாதிரி.

பூஜைக்குச் சாமான்களைத் தயார்செய்வது என் பொறுப்பு. வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது என்பதால் குறையில்லாமல் செலுத்துவேன். கருப்புப் பெட்டிக்கு அன்றோடு ஓய்வு என்று நானே தீர்மானித்தேன். வயர்களையெல்லாம் பிடுங்கிச் சுருட்டினேன். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியையும் சுவரிலிருந்து கழற்றினேன். எல்லாவற்றையும் துடைத்தேன். ஓய்வுபெறும் தாசில்தாருக்குச் சால்வை போடுகிற மனநிலையில் கருப்புப் பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டேன். திரைக்குப் பொட்டு, எலிக்குப் பொட்டு, விசைப்பலகைக்கு மூன்று பொட்டு. புதுக் கணினிக்கு மூடியின் நடுவில் ஒன்றே ஒன்று வைத்தேன். கையில் சந்தனம் மீந்திருந்தது. கருப்புப் பெட்டியின் முதுகிலிருந்து பிடுங்கிய அந்தப் பூட்டு தட்டில் தனியாகக் கிடந்தது. அதுவும் ஆயுதம்தானே. அதற்கு எது முகம் எது முதுகு என்று தெரியாததால் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசி, மேலே குங்குமமும் அப்பினேன்.

விடியற்காலையில் இடி. மழை ஓட்டில் கொட்டியது. எங்கேயோ படாரென்று ஒரு சத்தம், தெருவே அணைந்தது. ட்ரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மனைவி குளித்து, விளக்கேற்றி, புதுக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அதற்குப் பேட்டரி நாள் முழுக்க வரும். சுற்றிலும் இருட்டு, அவள் முகத்தில் மட்டும் அந்தத் திரை வெளிச்சம்.

"பாத்தியா! ஊருல ஒரு பல்பு எரியல. இது ஓடுது. இந்நேரம் அந்தக் கருப்பன் இருந்திருந்தா? கெடந்திருப்பான் பொணமா!"

"சும்மா இருங்க," என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. அங்கேயே இந்தக் கட்டுரை முடிந்திருக்கலாம். கடைசி மாங்காயைக் கட்டம் கட்டமாக நிரப்பினாள். மூக்கு நிமிர்ந்தது. சேமிக்கப் போனாள்.

பூட்டு இல்லை என்றது திரை.

"பூட்டு எங்க?"

எடுத்துவந்து செருகினேன். கொஞ்சம் தடித்துக்கொண்டு போயிற்று. பச்சைப் புள்ளி எரியவில்லை. அவள் அதை உருவி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது ஒரு நீண்ட பார்வை. விமர்சகர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இது இன்னாது?"

"சந்தனம்."

"உள்ளவா?"

"குங்குமமும் கொஞ்சம்."

"ஏங்க, சாமிக்கே மூக்குத் துவாரத்த விட்டுட்டுத்தான பூசுவாங்க?"

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டினாள். தகடுகளுக்கு நடுவே ஊக்கின் முனையை ஓட்டி ஓட்டி எடுத்தாள், பல் குத்துகிற பொறுமையோடு. துணியால் துடைத்து மறுபடி செருகினாள். பச்சைப் புள்ளி எரிந்தது. நான் கையைத் தட்டினேன்.

பூட்டு இல்லை என்றது திரை.

எரிகிறது. இருக்கிறது. இல்லை என்கிறது. அப்போதுதான் எனக்கு, மிகவும் தாமதமாக, நானே சொன்ன உவமையின் மிச்சம் புரிந்தது. துபாஷி தர்பாரில் பேசுவான். மென்பொருள் சொல்வதையெல்லாம் மாற்றிச் சொல்வான். ஆனால் வாசற்காவலனிடம் அவன் பேச மாட்டான். ஒரு பூட்டையோ பழைய பிரிண்டரையோ கணினி அடையாளம் காண வேண்டுமென்றால், அந்தப் பொருளைச் செய்தவர்களே புதுச் சிப்பின் மொழியில் ஒரு சின்ன நிரலை எழுதித் தந்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் அது வாசலில் நிற்க வேண்டியதுதான். இதையும் நான் போனில் படித்திருந்தேன். விசிறி இல்லை என்ற வரிக்குக் கீழே இருந்தது. அந்த வரிக்குப் பிறகு நான் எதைப் படித்தேன்?

"அப்ப கருப்பன எடுங்க," என்றாள்.

எடுத்தேன். வயர்களைப் பிரித்தேன். பேட்டரிப் பெட்டியை அமுக்கினேன். பல நாள் கழற்றிப் போட்டிருந்த அது ஒரே ஒரு பீப் சொல்லிவிட்டு உயிரை விட்டது. சரி பல நாள் இல்லை, ஒரு நாள்தான், பேட்டரியே கிழடு. பூட்டைத் தெரிந்த கணினிக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் உள்ள கணினிக்குப் பூட்டைத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில், இரண்டும் தெரியாத நான்.

வாசலில் குடையைச் சுருக்குகிற சத்தம். பின் தெருப் பெண். தலைக்குக் குளித்து, பூ வைத்து, பாதம் நனைந்து நின்றாள்.

"ஆச்சாண்ணி? தறிக்குக் கல்பூரம் காட்டிட்டேன். பேட்டரில பொட்டி எரியுது. டிசைன்தான் பாக்கி."

அந்தப் பெண் மேசைமேல் இருந்த இரண்டு கணினிகளையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக இறங்கியது. "மணி எட்டாவுது அண்ணா," என்று என்னிடம் சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் வரியில்லை வரியில்லை என்று புலம்பியது எவ்வளவு ஆடம்பரம் என்று அப்போது தெரிந்தது.

"முனையில ஜெனரேட்டர் ஓடுது," என்றாள் என் மனைவி.

மழை இரைச்சலுக்குக் கீழே, தெருமுனையிலிருந்து, வேறொரு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. என் நண்பனின் கொட்டகை. விஜயதசமிக்கு அவனும் தறி ஓட்டித்தானே ஆக வேண்டும்.

கருப்புப் பெட்டியை நான் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினேன். மாலையைக் கழற்ற நேரமில்லை. திரையையும் விசைப்பலகை, எலி, பூட்டு, வயர்களையும் போர்வையில் சுற்றி என் மனைவி எடுத்துக்கொண்டாள். புடவை பேக் செய்கிற பாலிதீனைப் பெட்டிக்குப் போர்த்தினோம். பின் தெருப் பெண் குடையைப் பிடித்தாள், எனக்கல்ல, பெட்டிக்கு. மாலையும் பொட்டும் குடையுமாக, கவிஞன் சுமக்க, அது வீதியுலா வந்தது. திறந்திருந்த வாசல்களிலெல்லாம் ஆட்கள்.

"சாமி எந்தப் பக்கம் போவுது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜல்தி போவணும், வழி வுடுங்க," என்றாள் பின் தெருப் பெண்.

கொட்டகை வாசலில் நண்பன் நின்றுகொண்டிருந்தான். நான் வருவதைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். அவன் முகத்தில் சூரியன் உதித்தது.

"இன்னா கவிஞரே, மொபெட்டு பஞ்சரா?"

"இறக்கி வெக்க எடம் சொல்லுயா."

"டிராக்டருக்கு என் கொட்டாயில எப்பவும் எடம் கீது. ஏம்மா தங்கச்சி, நீ உள்ள வா. இவன் மழையிலயே நிக்கட்டும், சூடா கீறான்."

தறிகளின் சத்தத்துக்கு நடுவில், நூல்கண்டுகள் வைத்திருந்த மேசையில், கருப்புப் பெட்டியை வைத்தோம். என் மனைவி பொத்தானை அமுக்கினாள். பெருமூச்சு விட்டது. செருமியது. விசிறி சுற்றியதா என்று இத்தனை தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அந்தக் காற்றை நான் வாழ்க்கையில் அவ்வளவு அன்போடு உணர்ந்ததில்லை. பச்சைப் புள்ளி எரிந்தது. கடைசி மாங்காயை அவள் மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். ஒரு கட்டம்கூடத் தடுமாறவில்லை. சேமித்தது. பென் டிரைவில் ஏற்றி, அதை உருவி, தலைப்பில் துடைத்து, பின் தெருப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகை முடிந்து அந்தப் பூட்டைச் செய்த கம்பெனிக்குப் போன் செய்தேன். புதுச் சிப்புக்கு ஏன் எழுதவில்லை என்று ஆவேசமாகக் கேட்டேன். "கேக்கறவங்க நீங்கதான் சார் மொதல்," என்றது ஒரு பெண் குரல், மிகுந்த மரியாதையோடு. "எழுதும்போது சொல்றோம்." கருப்புப் பெட்டி மேசைக்கடியில் தன் இடத்துக்குத் திரும்பியது. விசிறியின் தூசியை நானே தட்டினேன். புதுக் கணினியை மனைவி என் பக்கம் தள்ளிவிட்டாள்: "மௌனம் வேணும்னீங்களே, எடுத்துக்கோங்க." இப்போது இதை அதில்தான் எழுதுகிறேன். என் வேலைக்கு அது தாராளம். மெய்ப்பு, கவிதை, மின்கட்டணம், எல்லாவற்றுக்கும் போன் சிப் போதும். கடிதம் எழுதுகிறவனுக்கு மேசைச் சிப் தேவையே இல்லை. சத்தமும் இல்லை. மூன்றாவது வரி மட்டும் இன்னும் வாசல்வரை வந்து நிற்கிறது. குற்றம் சாட்ட இப்போது விசிறியும் இல்லை.

அன்றைக்குத் திரும்புகிறேன். பின் தெருவுக்கு மூவரும் ஓடினோம். சின்னக் கூடம், அதை முழுக்க அடைத்துக்கொண்டு தறி. பாவு இழைகள் அந்த மங்கலிலும் மின்னின. முதலாளி ஏற்கெனவே வந்து, ஈரச் செருப்பை வாசலில் விட்டு, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் பென் டிரைவைப் பெட்டியில் செருகினாள். பெட்டி ஒரு முறை அணைந்து மறுபடி எழுந்தது. உள்ளங்கையளவு திரையில் சில ஆங்கில எழுத்துகள் ஓடின. மென்பொருளின் பெயர், பதிப்பு, கடைசியில் உள்ளே இருக்கிற சிப்பின் வகை.

அந்த எழுத்துகளை நான் எங்கோ பார்த்திருந்தேன். டீக்கடையில். ஆறிப்போன டீயின் முன்னால்.

போன் சிப்பின் குடும்பம்! இதோ, இந்தப் பெட்டிக்குள், விசிறியில்லாமல், சத்தமில்லாமல், பேட்டரியில். நான் வேலூருக்குப் பஸ் ஏறிக் கொண்டுவந்த புரட்சி எனக்கு முன்னாலேயே பின் தெருவில் வந்து தறிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் பழைய பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை; இழையைத் தூக்கு என்ற ஒரே வேலைதான், அதற்கென்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், செய்கிறது. என் கட்சி ஜெயித்துவிட்டது! நண்பனை இழுத்துவந்து காட்ட வேண்டும். முதலாளிக்கு விளக்க வேண்டும். நவாப், துபாஷி, அடுப்பு, எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்தாள். கால் மிதியைத் தேடியது. என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாயை மூடினேன். அப்படி நான் மூடியதை என் மனைவி பார்க்கவில்லை. அது ஒரு நஷ்டம்தான்.

அந்தப் பெண் மிதித்தாள். தலைக்கு மேலே டக்கென்று ஒரு சின்னச் சத்தம். நூற்றுக்கணக்கான இழைகளில் சில மட்டும் எழுந்து நின்றன. மற்றவை அப்படியே கிடந்தன. நடுவே நாடா போய் வந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி டக். முதலாளி கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுத் தறியைப் பார்த்தார். "மழையிலயும் நேரத்துக்குப் போட்டுட்டியேம்மா," என்று எழுந்து செருப்பைத் தேடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் துணியில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு வளைவு தொடங்கியிருந்தது.

அவர் தலை மறைந்ததும் பொறுக்க முடியாமல் மனைவியின் காதில் சொல்லிவிட்டேன். "அந்தப் பொட்டிக்குள்ள இன்னா சிப்பு தெரியுமா? போன் சிப்பு. நான் சொன்னேன் இல்ல?"

அவள் கண்ணைத் தறியிலிருந்து எடுக்கவில்லை.

"ஓடுது இல்ல? ஈரத்தோட நிக்காதீங்க, தல துவட்டுங்க," என்றாள்.